பத்துமலைக் குகையும் சிங்கப்பூர்த் தமிழரும்

சிங்கப்பூரில் புக்கிட் தீமா உண்டு. அது கருங்கல் மலை. ஏறிக் காண்பதற்குரிய சுண்ணாம்புக் குகை இத்தீவில் இல்லை. ஆதலின், தம் மக்களுக்கு ஒரு குகையைக் காட்ட விரும்பும் தமிழ்க் குடும்பத்தார் பள்ளி விடுமுறையில் சிராங்கூன் சாலைப் பக்கத்திலிருந்து வண்டி அமர்த்திக்கொண்டு வடக்கே புறப்படுகின்றனர். பொழுது விடியும் வேளையில் கோலாலம்பூரைக் கடந்து, அதற்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்துமலையின் அடிவாரத்தை அடைகின்றனர். பிள்ளைகள் 272 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறுகின்றனர். அன்னையர் அர்ச்சனைத் தட்டுடன் பின்தொடர்கின்றனர். குரங்குகள் அத்தட்டின்மீது கண்வைத்துக் காத்திருக்கின்றன. மாலையில் திரும்பும்பொழுது பிள்ளைகளின் நெஞ்சில் படிகளின் எண்ணிக்கையும் பொற்சிலையின் உயரமுமே நிற்கின்றன. அக்குகைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள பழைய உறவினை அவர்களுக்கு எடுத்துரைப்பார் அரியர்.

முதற்கண் பெயரைக் காண்போம். 'பத்து' என்பதைத் தமிழ் எண்ணாகவே கொண்டு, தமிழகத்தில் அறுபடை வீடு, மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை ஆகிய மூன்று, அவற்றோடு இது பத்தாவது எனக் கணக்குக் கூறுவார் உளர். கணக்குப் பிழையன்று, சொல்லாராய்ச்சிதான் பிழை. மலாய் மொழியில் 'பத்து' எனின் கல். அருகே ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயரே மலைக்கும் ஆயிற்று. ஜொகூரில் பத்து பகாட் உள்ளது. பேராக்கில் பத்து காஜா உள்ளது. அங்கெல்லாம் எவரும் பத்துவரை எண்ணுவதில்லை. எனினும், பிறமொழிச் சொல்லொன்றைத் தம் நாவுக்கும் நம்பிக்கைக்கும் ஏற்பத் தமதாக்கிக்கொண்ட மக்களை எள்ளி நகையாடல் தகாது. குடியேறிய மண்ணைச் சொந்த மண்ணாக்கிக்கொள்ளும் முயற்சியில் பெயரும் ஒரு பகுதியன்றோ?

இம்மலையின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுடையது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்காடியாகிக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி அதனைக் கரைக்கிறது. குகை தோன்றியது இவ்வாறே. கரைந்த சுண்ணாம்பு துளித்துளியாகச் சொட்டி மீண்டும் படிவதால், மேலிருந்து தொங்கும் கூர்களும் கீழிருந்து எழும் தூண்களும் உருவாகின்றன.

1878ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே, செலாங்கூர்க் காவல்துறைத் தலைவர் சையர்ஸ் முதலியோருடன் வந்து இக்குகைகளைக் கண்டு எழுதினார். அவரே இவற்றைக் கண்டுபிடித்தவர் எனச் சில நூல்கள் கூறும். அதற்கு நெடுங்காலம் முன்பே தெமுவான் பழங்குடியினர் இங்குத் தங்கி வந்தனர். 1860களில் சீனத் தோட்டக்காரர்கள் காய்கறிப் பாத்திகளுக்கு எருவாக வௌவால் எச்சத்தை அள்ளிச் சென்றனர். எழுதிவைத்தவரைக் கண்டுபிடித்தவர் என்பது வரலாற்றில் நெடுநாளாக வரும் வழுவாகும்.

இக்குகையைத் திருக்கோயிலாக்கியவர் கா. தம்புசாமிப் பிள்ளை. அவர் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றவர். டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். 1875இல் டேவிட்சன் செலாங்கூரின் ரெசிடெண்டாக அமர்த்தப்பட்டபொழுது அவருடன் கிள்ளானுக்குச் சென்றார். அரசாங்கக் கருவூலத்தில் பணிபுரிந்து, பின்னர் ஈயச் சுரங்கத் தொழிலில் இறங்கி, லோக் இயூ என்னும் சீனச் செல்வரோடு கூட்டுச் சேர்ந்து ராவாங்கில் சுரங்கம் நடத்தினார். சுரங்கத்து நீரை இறைக்க மின்விசைப் பொறியைப் பயன்படுத்திய முன்னோடிகள் இவர்கள். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவரும், விக்டோரியா கல்விக்கூடம் தோன்ற முன்னின்றோருள் ஒருவரும் அவரே.

குகைவாயிலின் வடிவம் வேலின் இலைபோல் அவர் கண்ணுக்குப் பட்டது என்பர். 1891இல் அங்கே சுப்பிரமணியர் திருவுருவம் நிறுவப்பெற்றது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பெற்று வருகிறது. ஈயம் தேடி நிலத்தைக் குடைந்த கண்களே மலையிலிருந்த இயற்கைக் குடைவில் வேலைக் கண்டன என்பது வியப்புக்குரியது. 1902இல் அவர் மறைந்தார். அக்காலத்தில் செங்குத்தான பாதையில் ஏறிய அடியார்க்கு 1920இல் மரப்படிகள் கிடைத்தன. இன்றுள்ள கற்காரைப் படிகள் அதற்கும் பிற்பட்டவை.

சிங்கப்பூரிலிருந்து சென்ற இன்னொருவர் ரிட்லி. இங்குள்ள பூமலைத் தோட்டத்தின் தலைவராயிருந்து, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை விடாது தூண்டியவர். அந்த ரப்பரே தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரை மலாயாவுக்குக் கொணர்ந்தது. அவர் 1898இல் இக்குகைகளின் உயிரினங்களை ஆராய்ந்தார்; குகையில் வாழும் பாம்பொன்று இன்றும் அறிவியலில் அவர் பெயரைத் தாங்குகிறது. கோயிற் குகைக்குக் கீழேயுள்ள இருட்குகையில், தன் வளையின் வாயிலுக்கு மூடி அமைத்துக்கொள்ளும் அரிய சிலந்தியினமும் உண்டு. அக்குகை 2019இல் பார்வையாளர்க்கு மூடப்பட்டது.

இத்துணைச் சிறப்புடைய மலையையும் மனிதர் உடைத்தனர். சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் வேண்டி அதன் பக்கங்களில் வெடிவைத்தனர். ஒருபுறம் காவடி ஏற, மறுபுறம் மலை குறைந்துகொண்டிருந்தது. பல்லாண்டுகள் எதிர்ப்பு எழுந்தபின் 1980களின் தொடக்கத்திலேதான் கல்லுடைப்பு நின்றது. உடைத்த வடு மலையில் உள்ளது. அடிவாரத்துப் படங்களில் அது விழுவதில்லை. 2006இல் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும், 2018இல் பல வண்ணம் பூசப்பெற்ற படிகளுமே படங்களை நிறைக்கின்றன.

படியேறி உள்ளே செல்வோர், பெருங்குகையைக் கடந்து இன்னும் சில படிகள் ஏறினால், கூரை திறந்து வானம் தெரியும் ஓரிடத்தை அடைவர். அங்கே மேல்விளிம்பில் மரஞ்செடிகள் எட்டிப் பார்க்கும். மழை வந்தால் சந்நிதிக்கு முன்னேயே பெய்யும். பிள்ளைகள் நனைந்து ஓடுவர். அந்நீர் கல்வெடிப்பில் இறங்கிக் குகையைக் குடையும் தன் பழைய வேலையைத் தொடரும்.