கூப்பனில் ஏறாத கோழி

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. நாட்டுக்குத் தேவையான அரிசியில் பெரும்பங்கு கடல் கடந்து வந்த காலம் அது. ஏப்ரல் 9இல் திருகோணமலையில் குண்டு விழுந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மீஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அரிசி கூப்பனுக்கு வந்தது. கோதுமை மா எங்கள் அடுப்படிக்குள் நுழைந்தது. யுத்தகால உணவைப் பற்றி எழுதுகிற நாங்கள் வழக்கமாக இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

என் மூத்தம்மா சொன்ன கதை வேறு. காத்தான்குடியில் அவர் வளவில் ஏழெட்டுக் கோழிகளும், வாரத்துக்கு வாங்கிய ஒரு மறி ஆடும் நின்றன. ஈனும் குட்டிகளில் பாதி ஆட்டுக்காரருக்கு, பாதி வளர்ப்பவருக்கு, அதுதான் வாரம். கைக்காசு வேண்டியதில்லை.

சிக்கல் தீனியில் வந்தது. முன்பு குறுநலும் மிஞ்சிய சோறும் கோழிக்குப் போயின. இப்போது அதையும் மனிதர்களே தின்றார்கள். "எங்கட வாய்க்கே காணாம இருக்கக்குள்ள கோழிக்கு எங்கால போடுற, மகன்?" என்பார். பழைய சட்டியில் சாணமும் தும்பும் அடைத்து, தண்ணீர் தெளித்து, புற்றோரம் கவிழ்த்து வைப்பாராம். விடிய எடுத்தால் சட்டி நிறையக் கறையான். குஞ்சுகளுக்கு அதுதான் இரை. ஆட்டுக்கு வேலியில் நின்ற பூவரசங்குழை.

முட்டையை வீட்டார் தின்றது குறைவு. பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, காய்ச்சல்காரருக்கு ஒன்று, அடைக்குச் சில. மிச்சம் அயல் வீடுகளுக்குப் போய் மீனாகவும் மரவள்ளிக் கிழங்காகவும் திரும்பி வந்தது.

அதே காலத்தில் பிரித்தானியாவில் வீட்டுக் கோழி வளர்த்தவர்கள் தங்கள் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கோழித்தீனி பெற்றுக்கொள்ளலாம். அங்கே அந்தக் கோழி அரச கணக்கில் ஏறியது. மூத்தம்மாவின் கோழி அவரது நினைவில் மட்டுமே இருந்தது.

"கூப்பன்தான் எங்களக் காப்பாத்தின" என்று வாப்பாகூடச் சொல்வார். கூப்பன் அரிசியும் மாவும் தந்தது உண்மை. ஆனால் கறிச்சட்டிக்குள் விழுந்தது, வளவில் உம்மாமார் பட்ட பாடு. அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்போர் ஒரு சிலரே. ஊரூராகப் போய் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்காவிட்டால், நாளைக்குக் கூப்பன் மட்டுமே வரலாறாக நிற்கும்.