ஆலையிலிருந்து வகுப்பறைக்கு: ஹார்வி லிட்டில்டனும் ஸ்டுடியோ கண்ணாடியும்

கண்ணாடி ஊதுவது நெடுங்காலம் தனியாள் வேலையாக இருந்ததில்லை. இரவு பகல் அணையாத உலை, கலவையின் பக்குவம் அறிந்தவர், குழலில் ஊதுபவர், அவருக்கு எடுத்துக் கொடுக்கும் உதவியாட்கள் என ஒரு கூட்டமே அதற்கு வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1950களிலும் கலைஞர் தாளில் வரைந்து கொடுப்பார். ஆலைத் தொழிலாளி அதை ஊதித் தருவார். கலைஞரே தம் சிறு உலையில் ஊதும் ‘ஸ்டுடியோ கண்ணாடி’ முறையால் அந்த ஏற்பாட்டை உடைத்தவர் என்று ஹார்வி லிட்டில்டன் (1922–2013) போற்றப்படுகிறார். ஆலையின் பிடியிலிருந்து கலைஞன் பெற்ற விடுதலையாகவே இவ்வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. லிட்டில்டனின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால், முக்கியமான திருப்பங்களில் ஆலைக்காரர் ஒருவரின் கை இருப்பது தெரியும். அவருடைய தனிச் சாதனை வேறு: ஆலைக்குள் கைமாறி வந்த அறிவை அவர் பல்கலைக்கழகப் பாடமாக்கினார்.

அவர் பிறந்ததே கண்ணாடி ஊரில்தான். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங்கில், கார்னிங் கண்ணாடி ஆலையின் இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டன் அவருடைய தந்தை. 1913இல் ஜெஸ்ஸி, மின்கலத்துக்கான கண்ணாடிச் சாடி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். 1915இல் ‘பைரெக்ஸ்’ சமையல் பாத்திரங்கள் சந்தைக்கு வந்ததற்குப் பின்னால் அந்தச் சோதனையும் இருந்தது. மகனும் இயற்பியல் படிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்படித் தொடங்கிய ஹார்வி, சிற்பத்தின் பக்கம் சாய்ந்து, தொழில்துறை வடிவமைப்பில் பட்டம் பெற்றார். பிறகு கிரான்புரூக் கலைக் கல்லூரியில் மட்பாண்டக் கலை பயின்றார். 1951இல் மேடிசனிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்ட ஆசிரியரானார்.

மண்ணில் பெற்ற பயிற்சியை அவருடைய கண்ணாடி வாழ்க்கைக்கு வெறும் முன்கதையாகக் கொள்வது தவறு. குயவர் தாமே பிசைந்து, வனைந்து, சுடுகிறார். தொடக்கம் முதல் முடிவு வரை பொருள் ஒரே கையில் இருக்கிறது. கண்ணாடியில் மட்டும் அது ஏன் முடியாது என்ற கேள்வி அந்தப் பழக்கத்திலிருந்துதான் எழ முடியும். 1957–58 ஐரோப்பியப் பயணத்தில், இத்தாலியின் முரானோ தீவில் ஆலைகளுக்கு வெளியே சிறு உலைகளில் கண்ணாடி ஊதிக் காட்டுவதை அவர் பார்த்தார். உலை சிறியதாக இருக்கலாம் என்பதற்கு அதுவே அவருக்குக் கண்கண்ட சான்று.

அந்தச் சான்றை அமெரிக்க மண்ணில் சோதித்த இடம் ஒஹையோவின் டொலீடோ. 1962 மார்ச் இறுதியில், அங்குள்ள கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஓட்டோ விட்மன் ஆதரவில், வளாகத்தின் கார் கொட்டகை ஒன்றில் பட்டறை தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் மட்பாண்டக் கலைஞர்கள். முதல் முயற்சி கைகொடுக்கவில்லை: மூசையில் (உருக்கும் கலத்தில்) போட்ட கலவை, ஊதுவதற்கு ஏற்ற பாகாக உருகி வரவில்லை. அப்போது வழி சொன்னவர் டொமினிக் லபீனோ. ஜான்ஸ்-மான்வில் நிறுவனத்தில் கண்ணாடியிழை ஆராய்ச்சிக்குப் பொறுப்பாயிருந்தவர் அவர். மூசையைக் கைவிட்டு உலையையே சிறு தொட்டியாக மாற்றச் சொன்னார். கண்ணாடியிழை தயாரிக்க ஆலையில் பயன்பட்ட 475ஆம் எண் கண்ணாடிக் குண்டுகளைத் தந்து, அவற்றை உருக்கச் சொன்னார். கோலிக்குண்டு போன்ற அந்த உருண்டைகள் ஒப்பீட்டளவில் குறைந்த சூட்டிலேயே இளகின. இனி ஊதத் தெரிய வேண்டும். லிபி கண்ணாடி ஆலையில் ஊதி ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன், குழலை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்று செய்து காட்டினார். ஜூன் மாதம் இரண்டாம் பட்டறை நடந்தது. கண்ணாடி ஆலையுடையது, உலைத் திருத்தம் ஆலை ஆராய்ச்சியாளருடையது, கைவித்தை ஆலைத் தொழிலாளியுடையது. லீஃப்கிரீனின் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அவ்வளவும் அந்தக் கொட்டகையோடு முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் லிட்டில்டன் ஆசிரியர் என்பதுதான். அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் வெரோனாவிலிருந்த தம் பண்ணையில் மாணவர்களுக்குக் கண்ணாடி கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்தில் அதற்கெனப் பாடத்திட்டம் வந்தது. அங்கே படித்தவர்கள் தனித்தனியாக உலை மூட்டினர். மார்வின் லிபோஃப்ஸ்கி கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாடம் தொடங்கினார். சாம் ஹெர்மன் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். டேல் சிஹுலி ரோட் ஐலண்டில் கற்பித்து, 1971இல் வாஷிங்டன் மாநிலத்தில் பில்சக் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவரானார். பட்டம் பெற்றவருக்கு இன்னொரு கல்லூரியில் வேலை. வேலை கிடைத்த இடத்தில் புதிய உலை. ஸ்டுடியோ கண்ணாடி இயக்கம் பரவிய வேகத்துக்கு இந்த எளிய ஏற்பாடே முதற்காரணம்.

ஆசிரியர் வேலை அவருடைய கலையை விழுங்கிவிடவில்லை. தாம் முன்பு கோபத்தில் உடைத்த கண்ணாடிப் பொருள் ஒன்றை 1963இல் மீண்டும் உலையில் காட்டிச் சாணையில் தேய்த்தார். குவளையாகவும் பயன்படாத, அழகென்றும் சொல்ல முடியாத அந்த உருவம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னர் வேண்டுமென்றே உடைத்தும் சிதைத்தும் செய்த படைப்புகளின் வழியாகப் பாத்திரம் என்ற கட்டிலிருந்து விலகினார். பிற்காலத்தில், பல நிறங்களை அடுக்கடுக்காகப் பொதிந்த கண்ணாடியை இழுத்து, அதன் எடையாலேயே வளையவிட்டு வில்வடிவங்கள் செய்தார். அவருடைய படைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். உள்ளே ஓடும் நிறக்கோடு, உருகிய நிலையின் அசைவை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1977இல் வட கரோலினாவின் ஸ்புரூஸ் பைனில் குடியேறினார். கண்ணாடித் தகட்டிலிருந்து தாளில் அச்செடுக்கும் முறையை அங்கே வளர்த்து, பிற கலைஞர்களையும் வரவழைத்து அச்சிட வைத்தார்.

தனியொருவர் தம் உலையில் தாமே ஊதுவது என்ற தொடக்க இலட்சியம் அவருடைய மாணவரிடமே மாறிப்போனது. 1968இல் முரானோவின் வெனினி ஆலைக்குச் சென்ற சிஹுலி, அங்கே குழுவாக ஊதும் முறையைக் கண்டார். 1976இல் நேர்ந்த கார் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். பின்னர் தோளிலும் அடிபட்டது. அதன்பின் அவர் வரைந்தும் வழிநடத்தியும் தர, குழு ஊதியது. முரானோ ஆலைகளில் வளர்ந்த லீனோ தால்யாபியெத்ரா 1979இல் பில்சக்கில் கற்பிக்க வந்தார். ஸ்டுடியோக் கலைஞர்கள் அதுவரை தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்த நுட்பங்களை ஆலையில் பழகிய மேஸ்திரி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.