"மெடிகல் கிடைக்கலையா?"

வருஷத்தில் பாதியைச் சென்னையிலும் மீதியைப் புனேயில் பிள்ளை அகத்திலுமாகக் கழிக்கிறேன். என் பேத்தி இங்கே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. உயிரியல் சேர்ந்திருக்கிறாள். ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றிக்கொள்ளப் போன இடத்தில் இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், "ஏன், மெடிகல் கிடைக்கலையா?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார். 1968-ல் நான் விலங்கியலில் சேர்ந்தபோது என் பெரியப்பா கேட்டதும் இதே கேள்விதான். அன்று நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏனென்றால் எனக்கு நிஜமாகவே மெடிகல் கிடைக்கவில்லை. இவள் மெடிகலுக்கு மனுவே போடவில்லை. அந்த வித்தியாசத்தை நண்பருக்குச் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் காலத்துப் படிப்பை நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பி.யு.சி.யில் இரண்டாம் குரூப் எடுத்தவனுக்குக் கணக்கோடு உறவு முடிந்தது. டாக்டர் ஆனால் உண்டு, இல்லையென்றால் தாவரவியல் அல்லது விலங்கியல். கரப்பான்பூச்சி, மண்புழு, தவளை என்று வரிசையாக அறுப்போம். பிராக்டிகல் நாளில் அம்மா என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லி, கிணற்றடியில் தலைக்கு ஸ்நானம் செய்த பிறகே சமையல்கட்டுப் பக்கம் விடுவாள். (2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு இந்த அறுவைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டது. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.) மூன்று வருஷம் படித்தேன், முதல் வகுப்பில் தேறினேன், சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போனேன். அதோடு விலங்கியல் முடிந்தது. தெருவில் ஒரு பறவையைக் காட்டிப் பெயர் கேட்டால் எனக்குத் தெரியாது. யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

புனேயில் காலை நடைக்குப் போகும் பாதையில்தான் இந்தப் படிப்பின் இன்னொரு முகம் எனக்குத் தெரிய வந்தது.

பெர்குஸன் கல்லூரியை டெக்கான் கல்விச் சங்கத்தார் 1885-ல் தொடங்கினார்கள். திலகர், கோபால் கணேஷ் ஆகர்கர் போன்ற இளைஞர்கள் நடத்திய சங்கம் அது. பம்பாய் கவர்னர் சர் ஜேம்ஸ் பெர்குஸன் 1,200 ரூபாய் நன்கொடை கொடுத்தார். கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். திலகர் அங்கே கணிதம் போதித்தார். ஆகர்கர் இரண்டாவது முதல்வர்.

கல்லூரியிலிருந்து சிறிது தூரத்தில், அந்த ஆகர்கர் பெயர் கொண்ட சாலையிலேயே, ஆகார்கர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று வெகு நாள் நினைத்திருந்தேன். எழுத்தில் ஒரு நெடில்தான் வித்தியாசம், ஆனால் ஆட்கள் வேறு. நிலையத்துக்குரியவர் சங்கர் புருஷோத்தம் ஆகார்கர், 1884-ல் மால்வணில் பிறந்த தாவரவியலார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் உயிரியல் ஆசிரியராக இருந்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலை ஆற்று நீரில் ஒரு நன்னீர் ஜெல்லி மீனைக் கண்டெடுத்தார். அந்த வகை அதுவரை ஆப்பிரிக்காவில்தான் இருப்பதாக நினைத்திருந்தார்கள். ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போன இடத்தில் முதல் உலகப் போர் மூண்டு, அங்கே காவலில் வைக்கப்பட்டார். போர் முடிந்து, 1919-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே ஓய்வு பெற்று, 1946-ல் புனேயில் மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் முதல் இயக்குநரானார். 1960-ல் காலமாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1992-ல் நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிதர் என்ன செய்யலாம் என்பதற்கு என் போன்றவர்கள் இவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சுருட்டானின் வால்

நான் சொல்ல வந்த முக்கியமான மாணவர் மாதவ் காட்கில். 1942-ல் புனேயில் பிறந்தவர். தந்தை டி.ஆர். காட்கில் கோகலே பொருளாதார நிலையத்தை நடத்தியவர், பின்னாளில் திட்டக் கமிஷனின் துணைத் தலைவர். பிள்ளைக்குச் சிறு வயதிலேயே பறவைகளில் ஈடுபாடு. பச்சைப் பஞ்சுருட்டானின் வால் நடுவில் ஊசி போல இரண்டு இறகுகள் நீண்டிருக்கும். ஒரு சமயம் அந்த ஊசிகள் இல்லாத பறவைகளைப் பார்த்தான் பையன். தகப்பனாரிடம் கேட்டான். அவர் தெரிந்த மாதிரி எதையும் சொல்லவில்லை; சாலிம் அலிக்கு எழுதிக் கேள் என்றார். நாட்டின் தலைசிறந்த பறவையியல் அறிஞர் அந்தப் பையனுக்குப் பதில் எழுதினார்: அந்த இறகுகள் உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

அந்தப் பையன்தான் பெர்குஸன் கல்லூரியில் உயிரியல் படித்து 1963-ல் பட்டம் பெற்றார். பம்பாயில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்து ஹார்வர்டு போனார். அங்கே 1969-ல் டாக்டர் பட்டம் வாங்கியது கணிதச் சூழலியலில். எங்கள் இரண்டாம் குரூப் கணக்குக்குச் சாத்திய கதவு அவருக்குத் திறந்திருந்தது. 1971-ல் புனே திரும்பி, ஆகார்கர் தொடங்கிய நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே வி.டி. வர்தக் என்ற தாவரவியலாரோடு சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட வேலை நமக்கு மிக நெருக்கமானது. மராட்டிய கிராமங்களில் 'தேவராய்' என்று சாமிக்கு விட்ட காடுகள் உண்டு. நம்மூரில் ஐயனார் கோயிலைச் சுற்றியிருக்கும் கோயில்காடு போல. அங்கே கிளை ஒடிக்கமாட்டார்கள், சுள்ளி பொறுக்கமாட்டார்கள். இருவரும் மலை கிராமங்களில் நடந்து, எந்தச் சாமி, எத்தனை பரப்பு, என்னென்ன மரம் என்று குறித்தார்கள். சுற்றிலும் மலை மொட்டையாகிவிட்ட இடங்களில்கூடத் தேவராயில் மட்டும் பழைய மரங்கள் தப்பியிருந்தன. 1976-ல் வந்த அவர்கள் கட்டுரைக்குப் பிறகு, மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டதை விஞ்ஞானிகள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். கிராமத்துப் பெரியவர்களின் அனுபவத்தையும் அளந்து எழுதலாம் என்பது தெரிந்தது.

1973-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் போன காட்கில், நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-ல் நீலகிரி அறிவிக்கப்பட முன்னின்று உழைத்தார். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் பரவிய 5,520 சதுர கிலோமீட்டர் அது. 2010-ல் மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலை நிபுணர் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியது. மறு வருஷம் வந்த அறிக்கை, மலைத்தொடர் முழுவதையும் மூன்று தரமாகப் பிரித்துக் குவாரி, சுரங்கம், கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு சொன்னது. கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியது; பிறகு கஸ்தூரிரங்கன் குழு அமைந்து, 2013-ல் சுமார் 37 சதவீதப் பரப்புக்கு மட்டும் பாதுகாப்பைப் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் மண்ணுக்குள் போனபோது பலரும் காட்கில் அறிக்கையைத் தேடி எடுத்தார்கள். அந்த டிசம்பரில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்தது. கோப்புகளோடு 35 வருஷம் வாழ்ந்த எனக்கு, ஓர் அறிக்கை அலமாரிக்குப் போவது எப்படி என்று நன்றாகவே தெரியும். இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

நம்மவர் ஒருவர்

இதெல்லாம் மராட்டியர்களுக்குத்தான் வரும் என்று எண்ண வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963), குளத்துப் பாசியை ஆராய்ந்தே உலகப் புகழ் பெற்றார். மற்றவர்கள் வழுக்கிவிடும் என்று ஒதுங்கிப் போகும் பாசி! 1932-ல் அவர் விவரித்த ஒரு பாசிக்குத் தம் லண்டன் ஆசிரியர் பிரிட்சின் பெயரைச் சூட்டினார். நீர்ப்பாசியிலிருந்து நிலத் தாவரம் எப்படி வந்திருக்கும் என்ற விவாதத்தில் அந்தப் பெயர் பாடப் புத்தகங்களில் இடம் பெற்றது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

புனேயில் 2006-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், உயிரியல் மாணவரும் முதல் இரண்டு வருஷம் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கும்படி பாடத்திட்டம் அமைத்தார்கள். எங்கள் தலைமுறையின் குரூப் சுவர் அங்கே இடிந்தது.

போன வாரம் பேத்தியோடு பெர்குஸன் கல்லூரிக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறினேன். மின்கம்பியில் ஒரு பச்சைப் பறவை உட்கார்ந்திருந்தது. "தாத்தா, அதன் வாலைப் பாருங்கோ" என்றாள். ஊசி இறகுகள் இருந்தன. முதல் முறையாக ஒரு பறவையின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது, எழுபது வயதுக்கு மேல்.

அன்பர்களே, அடுத்த முறை யார் அகத்துக் குழந்தையாவது உயிரியல் படிப்பதாகச் சொன்னால், மெடிகலைப் பற்றிக் கேட்க வேண்டாம். "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். நமக்குப் பதில் தெரியாத கேள்வியைக் குழந்தை கேட்டால், டி.ஆர். காட்கில் செய்தது போல, தெரிந்தவருக்கு எழுதச் சொல்லுங்கள்.