சாட்சியும் ஆவணமும்: பெர்கோலியோ குடும்பத்தின் கடற்பயணம், 1929

1929 பிப்ரவரி 15 அன்று, ஜெனோவாவிலிருந்து இரண்டு வாரம் கடலில் வந்த ‘ஜூலியோ செசாரே’ கப்பல் புவனெஸ் ஐரிஸ் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்திறங்கிய இத்தாலியர்களில் ஜொவான்னி பெர்கோலியோவும் அவர் மனைவி ரோசா வசாலோவும் அவர்களுடைய ஒரே மகன் மாரியோவும் இருந்தனர். கணவன் மனைவி இருவரும் 1884இல் பிறந்தவர்கள். நாற்பத்தைந்தை நெருங்கும் வயதில் ஊரை விட்டு வந்திருந்தார்கள். மாரியோவுக்கு இருபது வயது. 1936 டிசம்பர் 17 அன்று மாரியோவுக்குப் பிறந்த மூத்த மகன் ஹோர்ஹே மாரியோ பெர்கோலியோ, 2013 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார்.

1876க்கும் 1915க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோருடைய வாழ்க்கை ஒரு பிறப்புப் பதிவிலும் ஒரு கப்பல் பட்டியலிலும் ஒரு கல்லறையிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. மிச்சமெல்லாம் வீட்டில் சொல்லிச் சொல்லி வந்த கதை. கதைக்கும் பதிவுக்கும் இடையில் நின்றுகொண்டு முன்னோரைத் தேடும் பேரப்பிள்ளைகள் இன்று அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் உள்ளனர். பெர்கோலியோ குடும்பத்தை நான் எடுத்துக்கொள்ளக் காரணம், இந்த வீட்டின் கதையும் பதிவுகளும் இரண்டுமே பொதுவெளியில் இருப்பதுதான். 2010இல் வெளிவந்த ‘எல் ஹெசுயித்தா’ என்ற நேர்காணல் நூலில் பேரனே குடும்பக் கதையைச் சொல்லியிருந்தார். 2025 ஜனவரியில் வெளிவந்த தன்வரலாற்றில் அதை விரித்தும் சொன்னார். 2013க்குப் பின் இத்தாலியின் பியமோந்தே மாநிலத்திலும் ஜெனோவாவிலும் அர்ஜென்டினாவிலும் ஆவணக் காப்பாளர்களும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் ஏடுகளைப் புரட்டித் தேடினர். வாய்மொழி எங்கே உறுதிப்படுகிறது, எங்கே பிசகுகிறது, எங்கே ஆவணத்தால் தொடவே முடியாத ஒன்றைச் சொல்கிறது என்று இந்தக் குடும்பத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க முடியும்.

இத்தாலியில் முன்னோரைத் தேடுகிறவர் முதலில் அறியவேண்டியது ஊரின் பெயர். பதிவேடுகள் நகராட்சி வாரியாகவே உள்ளன. கடல் கடந்து போனவர்களோ கேட்பவருக்குப் புரியட்டும் என்று பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெர்கோலியோக்களின் வேர் ஆஸ்தி நகரை அடுத்த திராட்சைக் குன்றுகளில் இருக்கும் போர்த்தகொமாரோ பகுதியில் உள்ளது. ஆனால் மாரியோவின் பிறப்பை அங்கே தேடினால் கிடைக்காது. அவர் 1908 ஏப்ரல் 2 அன்று தூரினில் பிறந்தவர். தாய் ரோசா பியமோந்தேக்காரர்கூட இல்லை. லிகூரியாவின் சவோனா மாவட்டத்துப் பியானா கிரிக்சியா என்ற மலையூரில் பிறந்து, தூரினுக்கு வந்து தையல் வேலை செய்தவர். 1907இல் தூரினில் திருமணம். முதல் உலகப் போர் முடியும் காலத்தில் குடும்பம் ஆஸ்திக்குத் திரும்பியது.

புலம்பெயர்வு பற்றிய பொதுச் சித்திரத்தில், உழவன் வயலை விட்டு நேரே கப்பலேறுகிறான். பெர்கோலியோக்கள் அப்படிப் போகவில்லை. குன்றிலிருந்து தொழில்நகரம், அங்கிருந்து சிறுநகரம், பிறகுதான் கடல். ஜெனோவாவில் கப்பல் ஏறுவதற்கு முன்பே அவர்கள் இடம்பெயர்ந்து பழகியவர்கள். கப்பல் பட்டியலை மட்டும் வைத்து ஆராய்பவருக்கு இந்த முன்கதை தெரியவே தெரியாது. நகராட்சி ஏடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால்தான் துலங்கும்.

அந்த ஏடுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு ஆட்சி பியமோந்தேயில் சில ஆண்டுகள் அரசுப் பதிவை நடத்தி, அவனோடு மறைந்தது. 1838 முதல், அப்போது பியமோந்தேயை ஆண்ட சார்தீனிய அரசு, பங்குக்குருமார் எழுதும் ஏட்டின் ஒரு படியைத் தனக்கும் தரச் செய்தது. ஐக்கிய இத்தாலியின் குடிமைப் பதிவு 1866இல் தொடங்கியது. ஆகவே 1884இல் பிறந்த ஜொவான்னியும் ரோசாவும் அரசின் ஏட்டிலும் கோயிலின் ஏட்டிலும் இருமுறை எழுதப்பட்ட தலைமுறை. அரசு ஏடும் இரண்டு படிகளாக எழுதப்பட்டது: ஒன்று நகராட்சியில் தங்கும், மற்றது நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்னர் அரசு ஆவணக் காப்பகத்தைச் சேரும். ஒன்று வெள்ளத்திலோ போரிலோ அழிந்தாலும் இன்னொன்று பிழைக்கும். பிறப்புப் பதிவின் ஓரத்தில் பிற்காலத் திருமணமும் குறிக்கப்படுவதுண்டு. ஒரு வரியைக் கண்டுபிடித்தால் அடுத்த ஏட்டுக்கு வழி தெரிந்துவிடும்.

பெண்களைத் தேடுபவருக்கு இத்தாலிய ஏடுகள் தரும் உதவி பெரிது. திருமணத்துக்குப் பின்னும் பெண் தன் பிறந்தவீட்டுப் பெயரிலேயே எழுதப்படுகிறாள். ரோசா கடைசிவரை வசாலோதான். பெர்கோலியோ என்ற பெயரில் அவரைத் தேடினால் அவர் அகப்படமாட்டார். வசாலோ என்று தேடினால் பியானா கிரிக்சியா வரை வழி திறக்கும்.

ஆண்களைத் தேடுவோர்க்குக் கூடுதலாக ஒரு ஏடு உண்டு: படைச்சேவைப் பதிவேடு. கட்டாயப் படைச்சேவை இருந்ததால், வயது வந்த ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு தாள் திறக்கப்பட்டது. 2014 செப்டம்பரில், முதல் உலகப் போரில் இறந்த ஒரு லட்சம் வீரர்கள் உறங்கும் ரெதிபூலியா நினைவிடத்துக்குப் பிரான்சிஸ் சென்றபோது, இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சர் அவருடைய தாத்தாவின் படைச்சேவைத் தாளை அவரிடம் கொடுத்தார். பியாவே ஆற்றங்கரைப் போரின் துயரக் கதைகளைத் தாத்தாவின் வாயால் கேட்டு வளர்ந்தவர் பிரான்சிஸ். கேட்ட கதைக்கு அரசு எழுதிய தாள் ஒன்று நூறாண்டு கழித்துத் துணைநின்றது. வாய்மொழி முழுமையாக உறுதிப்பட்ட இடம் இது.

இனிப் பிசகிய இடம். அர்ஜென்டினாவுக்கு வந்து சேர்ந்த மாதம் ஜனவரி என்றே குடும்பத்தில் நினைவிருந்தது. 2013இல் அவசர அவசரமாக வெளிவந்த வாழ்க்கை வரலாறுகள் பலவற்றிலும் அதுவே இடம்பெற்றது. கப்பல் ஆவணமோ பிப்ரவரி 1 அன்று ஜெனோவாவில் புறப்பட்டு 15 அன்று சேர்ந்ததாகச் சொல்கிறது. தேதியில் ஆவணத்தையே ஏற்கவேண்டும். ஆனால் அந்த நினைவின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். ரோசா கொளுத்தும் வெயிலில் நரித்தோல் கழுத்துப்பட்டை வைத்த மேலங்கியைப் போட்டபடியே கப்பலிலிருந்து இறங்கினார் என்பதும், சொத்தை விற்ற பணம் அந்த அங்கியின் உள்துணிக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது என்பதும் வீட்டுக் கதை. தென்கோளத்தில் பிப்ரவரியும் கடுங்கோடைதான். மாதம் தவறினாலும் வெயில் தவறவில்லை. பயணிகள் பட்டியல் பெயர், வயது, தொழில், மதம், கப்பல், துறைமுகம் ஆகியவற்றைக் கேட்கும்; அங்கிக்குள் என்ன தைத்திருக்கிறது என்று கேட்காது. புவனெஸ் ஐரிஸில் ஸ்கலபிரினி சபையார் 1985இல் தொடங்கிய குடிபெயர்வு ஆய்வு மையம், வந்திறங்கியோர் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி அர்ஜென்டினர்களுக்குப் பேருதவி செய்திருக்கிறது. எனினும் அப்பட்டியல்களின் எல்லை, அதிகாரி கேட்ட கேள்விகளின் எல்லைதான்.

மூன்றாவது வகைச் செய்தி கடினமானது. பெர்கோலியோக்கள் முதலில் ‘பிரின்சிபெஸ்ஸா மஃபால்டா’ கப்பலுக்கே சீட்டு வாங்கியிருந்தார்கள், சொத்து உரிய நேரத்தில் விற்காததால் பயணம் தள்ளிப்போனது என்று குடும்பம் சொல்கிறது. அந்தக் கப்பல் 1927 அக்டோபர் 11 அன்று ஜெனோவாவை விட்டுக் கிளம்பியது. அக்டோபர் 25 அன்று, சுழலியின் அச்சுத்தண்டு முறிந்து கடல்நீர் உட்புகுந்து, பிரேசிலின் அப்ரோல்யோஸ் தீவுகளுக்கு அப்பால் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் பிழைப்புத் தேடிப் போன எளியவர்கள். பிரான்சிஸின் தன்வரலாறு இந்த விபத்திலிருந்துதான் தொடங்குகிறது. அன்று சீட்டு பயன்பட்டிருந்தால் நான் பிறந்திருக்கவே மாட்டேன் என்ற உணர்வு அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. 2013 ஜூலையில் அவர் திருத்தந்தையாக ரோமுக்கு வெளியே மேற்கொண்ட முதல் அலுவல்முறைப் பயணம், கடலில் மூழ்கிய அகதிகளுக்காக லம்பெதூசா தீவுக்குத்தான்.

இதை எப்படிச் சோதிப்பது? கப்பல் ஆவணம் ஏறியவர்களை எழுதும். ஏறாமல் நின்றவர்களை எழுதாது. பயன்படாத சீட்டு எந்தக் காப்பகத்துக்கும் போவதில்லை. ஆதலால் ஆவணம் இல்லை என்பதை இந்தக் கதைக்கு எதிரான சான்றாகக் கொள்ளுதல் முறையன்று. பெரும் விபத்துகளுக்குப் பிறகு “நாங்களும் அதில் போயிருக்க வேண்டியவர்கள்” என்று சொல்லும் குடும்பங்கள் உலகெங்கும் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. இந்த நிலையில் நாம் பார்க்கக்கூடியது சூழல் பொருந்துகிறதா என்பதுதான்.

பொருந்துகிறது என்பதே என் கணிப்பு. 1926 ஆகஸ்டில் பெசாரோ நகரில் பேசிய முசோலினி லீராவின் மதிப்பைக் காப்பேன் என்று சூளுரைத்தான். ஒரு பவுண்டுக்கு 150 லீரா அளவுக்குச் சரிந்திருந்த நாணயம், அடுத்த ஆண்டின் இறுதியில் 90ஐ ஒட்டி நிலைநிறுத்தப்பட்டது. கடன் சுருங்கியது, விலைகள் விழுந்தன, வாங்குவோர் கையை மூடிக்கொண்டனர். ஆஸ்தியில் கடை நடத்திய ஒரு சிறுவணிகர் 1927இல் தன் சொத்தை நல்ல விலைக்கு விற்க முடியாமல் தவித்தார் என்றால் அதில் வியப்பில்லை. அதே 1927இல் பாசிச அரசு குடிபெயர்வு ஆணையத்தைக் கலைத்து, வெளியேறுவதற்கான விதிகளையும் இறுக்கியது. கப்பல் மூழ்கியதற்கும் இவர்கள் புறப்பட்டதற்கும் இடையே பதினைந்து மாதம் ஓடியதை இவை விளக்கப் போதுமானவை. நேரடிச் சான்று இவற்றில் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு வந்தால் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு குரல்கள். வறுமை காரணமில்லை, முன்பே போய்விட்ட சகோதரர்களோடு சேர்ந்து வாழும் ஆசைதான் காரணம் என்பது பிரான்சிஸ் சொன்னது. பாசிசம் வந்ததால்தான் ஊரை விட்டோம் என்று தந்தை அடிக்கடி சொல்வார் என்பது பிரான்சிஸின் தங்கை 2013இல் சொன்னது. ரோசா ஆஸ்தியில் கத்தோலிக்கச் செயல் இயக்கத்தின் பேச்சாளர். அவர் பேசவிருந்த மண்டபத்தை அதிகாரிகள் மூடிவிட, தெருவில் மேசைமேல் ஏறி நின்று பேசினார் என்ற கதையும் வீட்டில் உண்டு. இரண்டு காரணங்களில் ஒன்றைத் தள்ளவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதில் கடையை விற்றுவிட்டு ஒரு தம்பதி கடல் தாண்டுவது ஒரே காரணத்தால் நடக்கும் செயலன்று. கணவருக்குச் சகோதரர்கள், மனைவிக்கும் மகனுக்கும் ஊரின் காற்று என்று ஒரே வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கலாம். அமெரிக்கா 1924இல் ஒதுக்கீட்டுச் சட்டத்தால் தன் கதவைச் சாத்திவிட்டிருந்தது. சகோதரர்கள் இல்லாவிட்டாலும் கடல் தாண்ட விரும்பிய அன்றைய இத்தாலியர்க்குத் திறந்திருந்த முக்கிய வாசல் அர்ஜென்டினாதான்.

சகோதரர் மூவரும் 1922 முதலே என்ட்ரே ரியோஸ் மாநிலத்தின் பரானா நகரில் சாலைத்தளம் போடும் நிறுவனம் நடத்தினர். நான்கு மாடி வீடு, நகரத்திலேயே மின்தூக்கி வைத்த முதல் வீடு, வந்துசேர்ந்த ஜொவான்னியின் குடும்பம் உட்பட மாடிக்கொரு சகோதரர் குடும்பம். பொருளாதார நெருக்கடியில் 1932இல் எல்லாம் போயிற்று; குடும்பக் கல்லறை மண்டபத்தைக்கூட விற்றார்கள். ஜொவான்னி 2,000 பெசோ கடன் வாங்கிப் புவனெஸ் ஐரிஸில் ஒரு மளிகைக்கடை தொடங்கினார். கணக்கியல் படித்த மாரியோ கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சரக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் கடனுக்கு ஏற்பாடு செய்தவர் சலேசிய சபைக் குரு என்ரிகோ பொசோலி. அவரைச் சுற்றியிருந்த வட்டத்தில்தான் மாரியோ, ஜெனோவா வழிவந்த ரெஜினா சீவோரியைச் சந்தித்தார். 1935 டிசம்பர் 12 அன்று திருமணம். மறு ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அவர்களுடைய தலைமகனுக்கு அதே குரு அல்மாக்ரோ பகுதிக் கோயிலில் திருமுழுக்குக் கொடுத்தார். பெயர் வாரியான மக்கள்தொகைக் கணக்கேடுகள் அர்ஜென்டினாவில் 1869, 1895 ஆண்டுகளுக்கே கிடைப்பதால், 1929இல் வந்த குடும்பத்துக்கு அவை பயன்படா. கோயில் ஏடும் குருவோடு கொண்ட நட்புமே அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

பேரனுக்குப் பியமோந்தே மொழியைக் கற்றுக்கொடுத்தது பாட்டி தாத்தாதான். மாரியோ வீட்டில் ஸ்பானிய மொழியே பேசினார். பழைய ஊரைப் பற்றிய ஏக்கத்தை அவர் வெளிக்காட்டியதில்லை என்று மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். குடிவந்த தலைமுறை பேசும், பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள், பேரப்பிள்ளைகள் கேட்பார்கள் என்ற வரிசை குடும்ப வரலாற்று ஆய்வில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. ரோசா 1974 வரை வாழ்ந்ததால்தான் மஃபால்டாவும் நரித்தோல் அங்கியும் நமக்கு வந்து சேர்ந்தன.

பெர்கோலியோ குடும்ப வரலாற்றில் எழுதத்தக்க முடிவுகள் இவை: புறப்பட்டதும் சேர்ந்ததும் பிப்ரவரியில், இது தீர்ந்தது. தாத்தா போரில் நின்றவர், இதுவும் தீர்ந்தது. போனதன் காரணம் ஒன்றுக்கு மேற்பட்டது; இரு சாட்சியங்களையும் பெயரோடு பதிந்துவைக்க வேண்டும். மஃபால்டா சீட்டுக் கதை மெய்ப்பிக்கப்படாதது, மறுக்கப்படாதது, காலச் சூழலோடு ஒத்துப்போவது. குடும்பச் சாட்சியம் என்ற குறிப்போடு அது வரலாற்றில் இருக்கலாம்.