பத்துக்கு எட்டு: மறுமதிப்பீட்டின் கதை

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் இரண்டு சொற்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று மறுகூட்டல், இன்னொன்று மறுமதிப்பீடு. ஓய்வு பெற்ற குமாஸ்தா என்பதால் விண்ணப்பம் நிரப்புவதற்கு என்னிடம் இன்னும் சிலர் வருகிறார்கள். நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டு சொற்களையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாத்தியார்கள் பிழையே செய்யாதவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே முறையீட்டுக்கு வேறு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வேறுபாடு எப்படி வந்தது, அதனால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்களின் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரெயா, நெப்போலியன் 1808 மார்ச் 17இல் பிறப்பித்த ஆணையால் வந்தது. அடுத்த ஆண்டு அதில் தேறியவர்கள் 31 பேர்தான். இன்று ஆண்டுதோறும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேறுகிறார்கள். சட்டப்படி அது பள்ளிக்கூடத்தின் கடைசிப் படி மட்டுமன்று, பல்கலைக்கழகத்தின் முதல் பட்டமும் அதுவே. அதனால்தான் தேர்வுக் குழுவுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தலைமை ஏற்பது மரபாயிற்று. அந்தக் குழுவுக்கு ழுய்ரி என்று பெயர்.

மதிப்பெண் இருபதுக்குப் போடுவார்கள். இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு, மிச்சம்தான் பிள்ளைகளுக்கு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சராசரி பத்து வந்தால் தேர்ச்சி, எட்டுக்குக் கீழே போனால் தோல்வி. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் நிற்பவனை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். அவனுக்கு ரத்ரப்பாழ் என்ற வாய்மொழித் தேர்வு உண்டு. இரண்டு பாடங்களை அவனே தேர்ந்துகொண்டு தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வான். எழுத்தில் வாங்கியது, வாயால் சொல்லி வாங்கியது இரண்டில் எது கூடுதலோ அதுவே கணக்கில் சேரும். அதற்கும் மேலே, குழு கூடிப் பேசும்போது பையனின் பள்ளிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும். ஆண்டு முழுவதும் உழைத்தவன் என்று தெரிந்தால் குறைகிற புள்ளியைக் கொடுத்துத் தூக்கிவிடும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்கிறது.

ஆகவே முறையீடு முடிவுக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. முடிவு அறிவித்த பிறகு விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம். கூட்டலில் பிழை, மதிப்பெண் பதிந்ததில் பிழை என்றால் திருத்துவார்கள். ஆனால் இந்தக் கட்டுரைக்கு ஒன்பது குறைவு, பதினொன்று போட்டிருக்க வேண்டும் என்று வழக்குப் போட முடியாது. ழுய்ரியின் மதிப்பீடு இறுதியானது. விதிமுறை மீறப்பட்டதா என்று மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கும்.

அந்த ஒன்றிரண்டு புள்ளிகள் ஒருவன் வாழ்க்கையில் எவ்வளவு பெரியவை என்பதற்கு 1968ஆம் ஆண்டே சாட்சி. அந்த மே மாதத்தில் மாணவர் கிளர்ச்சியும் வேலைநிறுத்தமும் பிரான்சையே நிறுத்திவிட்டன. எழுத்துத் தேர்வு நடத்த வழியில்லாமல் வாய்மொழித் தேர்வோடு பக்கலோரெயாவை முடித்துக்கொண்டார்கள். தேர்ச்சி 80 விழுக்காட்டைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அது 60 விழுக்காட்டின் பக்கத்திலேயே இருந்தது. தள்ளுபடிச் சான்றிதழ் என்று அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து எரிக் மோரேன், சான்ட்ரா மெக்நாலி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தத் தலைமுறையின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். விளிம்பில் நின்று அந்த ஆண்டு உள்ளே போனவர்கள் மேலே படித்தார்கள், நல்ல வேலைக்குப் போனார்கள், கூடுதல் சம்பளம் வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் அதன் பலன் தெரிந்ததாம். அவர்கள் எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவர்கள். கதவு கொஞ்சம் அகலத் திறந்ததால் அவர்கள் கெட்டுப்போகவில்லை.

இங்கே கதவு என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். பழைய பக்கலோரெயா ஒரு கதவு. பத்து வாங்கினால் பல்கலைக்கழகத்தில் சேர உரிமை உண்டு. பக்கத்தில் இருப்பவன் பதினைந்து வாங்கினால் எனக்கு நஷ்டமில்லை. குழு எனக்கு அரைப் புள்ளி கூட்டிக் கொடுத்தால் அவனுக்கும் நஷ்டமில்லை. கருணை காட்ட அங்கே இடம் இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலேயே, பக்கலோரெயா, பிரவே போன்ற சான்றிதழ்களை மேல்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் இந்தியச் சான்றிதழ்களுக்குச் சமமாக ஏற்பது என்று எழுதிவைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இருபதுக்குப் பன்னிரண்டு என்பது எங்கள் பள்ளியில் பாராட்டோடு தேறியதாகப் பொருள். அதை நூற்றுக்கு மாற்றினால் வெறும் அறுபது. எண்பத்தைந்து வாங்கியவன் பக்கத்தில் அந்த அறுபதை வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? கதவுக்காகச் செய்த சாவியை வரிசையில் நிற்பதற்கான சீட்டாகக் கொடுத்த கதைதான். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது நினைவிருக்கும்.

புதுச்சேரியும் காரைக்காலும் பிறகு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தோடு நடந்தன. அங்கே 1978இல் மேல்நிலை வகுப்பு தொடங்கி, 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. நுழைவுத் தேர்வு இருந்தவரை பிளஸ் டூ மதிப்பெண் முழுப் பாரத்தையும் தனியாகச் சுமக்கவில்லை என்று சொல்லலாம். 2007இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பட்டணத்துப் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட முடியாது என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் அதோடு முழுப் பாரமும் பிளஸ் டூ விடைத்தாள் மேல் வந்து உட்கார்ந்தது.

கணக்கைப் பாருங்கள். பொறியியல் கட் ஆஃப் 200. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட் ஆஃபில் ஒன்று கூடும். இயற்பியலில் ஒன்று கூடினால் அரை கூடும். அந்த அரையிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னும் பின்னுமாக நிற்பார்கள். இரண்டு பேர் சமமாக நின்றால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் கணினி கொடுத்த ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். இது கதவு இல்லை, வரிசை. வரிசையில் ஒருவன் முன்னேறினால் இன்னொருவன் பின்னால் போக வேண்டும். இங்கே கருணைக்கு இடமில்லை, துல்லியம் ஒன்றுதான் நியாயம். மறுமதிப்பீட்டுக்கு இவ்வளவு பேர் ஓடுவதன் காரணம் இதுதான், பேராசை இல்லை.

அந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. மகாராஷ்டிர தேர்வு வாரியத்தின் விதிகளில் மறுமதிப்பீடும் கிடையாது, விடைத்தாளைப் பார்க்கவும் முடியாது என்று இருந்தது. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் 1984இல் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் விதிகள் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் தாளைப் பார்க்கக் கிளம்பினால் முடிவு என்பதே முடிவாக இருக்காது, தரவரிசையும் நிலைக்காது என்பது அதன் வாதம். இருபத்தேழு ஆண்டு அதுவே சட்டமாக இருந்தது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு எழுதிய ஒரு மாணவர் அந்தச் சட்டத்தின்படி தம் விடைத்தாளைக் கேட்டார். வாரியம் மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஆகஸ்ட் 9இல், திருத்திய விடைத்தாளும் தகவல்தான், எழுதியவருக்குக் காட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் பார்க்கும் உரிமை வேறு, மறுமதிப்பீடு வேறு என்றும் நீதிமன்றம் அப்போதே பிரித்துச் சொன்னது. 2017 டிசம்பரில், ஆசிரியர் வேலைத் தேர்வு பற்றிய ஒரு வழக்கில், விதி இடம் கொடுத்தால்தான் மறுமதிப்பீடு, நீதிமன்றம் தானே உட்கார்ந்து தாள் திருத்தாது என்று அதை இன்னும் இறுக்கியது. பாரிசில் ழுய்ரிக்குக் கொடுத்த மரியாதைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

தமிழ்நாட்டு விதி இடம் கொடுக்கிறது. முதலில் விடைத்தாள் நகல் கேட்க வேண்டும். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தாலும் அதுவே இறுதி. ரத்ரப்பாழில் மாணவன் இழக்க ஒன்றுமில்லை. இங்கே கையில் இருப்பதும் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி இயற்பியலில் எதிர்பார்த்ததைவிட எட்டு மதிப்பெண் குறைந்து வந்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். திருத்தியவர் அநியாயம் செய்துவிட்டார் என்று வீடே பேசியது. நகல் வந்ததும் என்னிடம் கொண்டுவந்தார்கள். எனக்கு இயற்பியல் தெரியாது, கூட்டல் தெரியும். கூட்டல் சரியாக இருந்தது. அவளே பக்கம் பக்கமாகப் பார்த்தாள். ஒரு நெடுவினாவில் இரண்டாம் பகுதியை எழுதாமலே அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். “தாத்தா, நான் எழுதினதாவே நெனச்சிட்டு இருந்தேன்” என்றாள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டவில்லை. மதிப்பெண் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பிட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். 2011 தீர்ப்பின் முழு அருமையும் எனக்கு அன்றுதான் விளங்கியது. பார்க்கிற உரிமை இல்லாதிருந்தால் அந்த எட்டு மதிப்பெண்ணை அவள் ஆயுளுக்கும் யாரோ பறித்துக்கொண்டதாகவே நினைத்திருப்பாள்.

மதிப்பெண் கூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எதிரி தேர்வாளர் அல்ல, காலண்டர். திருத்திய மதிப்பெண் தரவரிசைப் பட்டியலுக்கு முன் வந்தால் பலன் உண்டு. கலந்தாய்வில் இடங்கள் நிரம்பிய பிறகு வந்தால் அது மதிப்பெண் பட்டியலில் ஓர் அலங்காரம், அவ்வளவுதான்.

இப்போது பிரான்சிலும் கதவு வரிசையாகிவிட்டது. கூட்டம் மிகுந்த படிப்புகளுக்கு 2017இல் சீட்டுக் குலுக்கிக்கூட இடம் கொடுத்தார்கள். ஊரே கொதித்தது. 2018 மார்ச் 8இல் புதுச் சட்டம் வந்தது. பார்க்கூர்சூப் என்ற இணையதளத்தில் விண்ணப்பித்து, பள்ளி வகுப்பு மதிப்பெண்களை வைத்து இடம் வாங்குகிறார்கள். பக்கலோரெயா முடிவு ஜூலையில் வருவதற்குள் பெரும்பாலோருக்கு இடத்தைப் பற்றிப் பதில் வந்துவிடுகிறது. ரத்ரப்பாழ் இன்னும் இருக்கிறது. தேர்ச்சிக்கு உதவும், ஆனால் நல்ல இடம் பிடிக்க உதவாது. நம் பக்கத்திலும் 2017 முதல் மருத்துவ இடத்தை நீட் தேர்வு தீர்மானிப்பதால், அதற்கு பிளஸ் டூ மறுமதிப்பீடு பயனற்றதாகிவிட்டது. அண்மையில் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. வாரியம் மாறினாலும் வரிசை மாறவில்லை.

இத்தனை ஆண்டும் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இடத்தை வரிசைப்படி கொடுப்பதென்றால், விடைத்தாளைக் காட்டுவது வரிசையை மூடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் முடிவுக்கு முன்னால் இரண்டாம் முறை கேட்டார்கள். நாம் முடிவுக்குப் பின்னால், அதுவும் அவசர அவசரமாகக் கேட்கிறோம். எல்லோருக்கும் நகலை முதலிலேயே கணினியில் கொடுத்துவிட்டால் பாதி சண்டை அடங்கிவிடும்.

அது நடக்கும்வரை, பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு குமாஸ்தாவின் யோசனை. முடிவு வந்த அன்றே நகலுக்கு விண்ணப்பியுங்கள், கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். பாட ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நகலைப் பாருங்கள். கூட்டல் பிழை, திருத்தாமல் விட்ட விடை இருந்தால் தயங்காதீர்கள். ஒரு விடைக்கு மூன்றுக்குப் பதில் நான்கு போட்டிருக்கலாமே என்பது மட்டும்தான் குறையென்றால், குறைந்தாலும் ஏற்க வேண்டும் என்பதை நினைத்து முடிவு செய்யுங்கள். மறுமதிப்பீட்டை நம்பிக் கலந்தாய்வுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு முறையிடுங்கள். இடம் காத்திருக்காது.