டேஜெட் வான் டாக்சி சேவையும் சிறு ஜெட் விமானப் பாதுகாப்பும்

டேஜெட் என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2007 அக்டோபர் முதல் 2008 செப்டம்பர் வரை இயங்கிய வான் டாக்சி நிறுவனம் ஆகும். சிட்ரிக்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான எட் இயாகோபுச்சி இதை நிறுவினார். முழு விமானத்தையும் வாடகைக்குப் பிடிக்காமல், தேவையான நாளில் ஓர் இருக்கைக்கு மட்டும் பணம் கட்டிப் பறக்கலாம் என்பதே இதன் புதுமை. போக்கா ரேட்டன், கெயின்ஸ்வில், லேக்லாந்து, பென்சகோலா, டாலஹாசி ஆகிய ஐந்து ஊர்களில் சேவை தொடங்கியது.

இதற்கு எக்லிப்ஸ் 500 என்ற சிறு ஜெட் விமானம் பயன்பட்டது. அதை ஒரே விமானி ஓட்டவும் சான்றிதழ் இருந்தது. ஆயினும் டேஜெட் இரண்டு விமானிகளை அமர்த்தியது; பயணிகளுக்கு மூன்று இருக்கைகளே மிஞ்சின. இருக்கையை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு இது சிறிய செலவன்று. ஆனால் விமானத்துக்குச் சான்றளிப்பது அரசின் வேலை. சிக்கல் அங்கேதான் இருந்தது.

2008 ஜூன் 5 அன்று சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் வேறொருவருக்குச் சொந்தமான எக்லிப்ஸ் 500 தரையிறங்க வந்தது. காற்றின் வேகம் திடீரென மாறியதால், விமானி த்ராட்டில் எனப்படும் விசை நெம்புகோல்கள் இரண்டையும் முன்னே அழுத்தித் தள்ளினார். அதனால் எழுந்த மின்குறிப்பு, கணினிக்கு வகுத்திருந்த எல்லையைத் தாண்டியது. கணினி அதைப் பழுது என்று கொண்டு, கடைசியாகக் கிடைத்த சரியான அளவையே பிடித்துக்கொண்டது. அந்த அளவோ முழு விசை! நெம்புகோல்களைப் பின்னே இழுத்தும் பயனில்லை. விமானிகள் ஓர் எஞ்சினை நிறுத்தினர். மற்றொன்று தானாகவே மிகக் குறைந்த விசைக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. எப்படியோ தரையிறக்கினர். டயர்கள் வெடித்தன, நால்வருக்கும் காயமில்லை.

ஓர் எஞ்சின் கெட்டால் மற்றது காக்கும் என்றுதான் இரண்டு எஞ்சின்கள் வைக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே தர்க்கத்தில் மென்பொருள் எழுதினால் இரண்டும் ஒரே நேரத்தில் கெடக்கூடும். அந்த விமானம் 250 மணி நேரம்கூடப் பறந்திருக்கவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவசரப் பரிந்துரை அனுப்பியது. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு வாரத்துக்குள் எல்லா எக்லிப்ஸ் விமானங்களின் நெம்புகோல்களையும் சோதிக்க ஆணையிட்டது. டேஜெட் விமானங்களும் இதில் அடங்கும்.

இத்தகைய விமானத்துக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி எழுந்தது. சான்றிதழ் தந்த நாள் 2006 செப்டம்பர் 30. அமெரிக்க அரசின் நிதியாண்டு முடியும் நாள். விமானி அறைக் கருவிகளின் மென்பொருள் முழுத் தரத்தை எட்டாத நிலையில், பிறகு சரிசெய்வதாக எக்லிப்ஸ் கொடுத்த உறுதியை நிர்வாகம் ஏற்றது என்று போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் 2008 செப்டம்பர் 17 அன்று நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார். நிர்வாகம் அமைத்த தனி ஆய்வுக் குழுவோ, விமானம் பாதுகாப்பானதே என்று முடிவு கூறியிருந்தது. கடன் சொல்லிச் சரக்கு வாங்கலாம். பாதுகாப்பை வாங்க முடியுமா என்பதே குறைகூறியோரின் வாதம்.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, டேஜெட் சேவையை நிறுத்தியது. விபத்து காரணமன்று, நிதி நெருக்கடியில் முதலீடு கிடைக்கவில்லை. அதன் 28 விமானங்களும் தரையில் நின்றன. நவம்பரில் எக்லிப்ஸ் நிறுவனமும் திவால் மனு அளித்தது.