நாளத்தில் ஏற்றிய உப்புநீர்

1832ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகத்தில் வாந்திபேதி பரவியிருந்தது. இந்நோயில் குருதி நீரையும் உப்பையும் இழந்து தடித்துவிடுகின்றது என்பதை ஓஷானசி என்னும் இளம் மருத்துவர் சற்று முன்னரே ஆராய்ந்து கூறியிருந்தார். இழந்ததை நாளத்தின் வழியே திருப்பிக் கொடுக்கத் துணிந்தவர் தோமஸ் லற்றா.

மருந்துகள் யாவும் பயன்படாது போன மூதாட்டி ஒருத்தியின் நாளத்துள் குழாயைச் செலுத்தி, உப்புநீரைச் சிறிது சிறிதாக ஏற்றினார். முதலில் மாற்றமெதுவும் தோன்றவில்லை. பின்னர் குழிந்த கண்கள் ஒளிபெற்றன. அடங்கிய நாடி மீண்டது. அரைமணி நேரத்தில் ஆறு பைந்து ஏறியதும், சுகமாயிருப்பதாக அவள் மொழிந்தாள். லற்றா அவளை மருத்துவமனை வைத்தியரிடம் ஒப்படைத்துச் சென்றார். வாந்தியும் பேதியும் திரும்பின. நீரோ மறுபடி ஏற்றப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். மீண்டும் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றே லற்றா எழுதினார். சிகிச்சை தோற்கவில்லை; அது பாதியில் நின்றது.

ஏற்றும் நீரிலும் ஆபத்து இருந்தது. பற்றீரியாக்கள் விட்டுச்சென்ற நஞ்சே ஊசிக்குப் பின் காய்ச்சலை உண்டாக்குகின்றது என்பதை 1923இல் புளோரன்ஸ் சைபேர்ட் அம்மையார் காட்டினார். கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. அளவு மிஞ்சினாலோ நுரையீரலில் நீர் தேங்கும். ஆதலின் தாதியர் துளிகளை எண்ணி, ஏறிய நீரையும் கழிந்த சிறுநீரையும் குறித்து, நோயாளியின் மூச்சையும் ஊசி பதிந்த இடத்தையும் இடையிடையே பார்க்கின்றனர்.